இத்தா அறையில் ஒரு வால்வுத் தகடு

"இது செத்த மிசினுங்க. இரும்பு வெலைக்கு எடுத்துக்கிட்டாப் போதும்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், கடையில் நின்று என் கணவரின் அண்ணன் சுலைமான் மச்சான் இப்படிச் சொன்னார். இந்தப் பக்கம் நான் பாயில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பூண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. கொடைக்கானல் பஜாரில் எங்களுடையது டயர்க் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் பலகைச் சுவர், அதில் ஒரு வாசல், வாசலில் திரை. கடைக்குள் மண்ணெண்ணெய் இன்ஜினும், அதோடு பெல்ட் மாட்டிய காற்று மிசினும் இருந்தன. இன்றைக்குக் கம்ப்ரசர் என்கிறார்கள். மலைக்கு மேலே அப்போது அது ஒன்றுதான். கீழே போகிற பஸ்ஸும் லாரியும் எங்கள் வாசலில் நின்று சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டுதான் காட் ரோட்டில் இறங்கும்.

என் கணவர் நெஞ்சு வலியில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் இத்தாவில் இருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கணவரின் அண்ணனும் அந்தக் கணக்கில் அந்நியர்தான். அவர் பேச வேண்டுமென்றால் திரைக்கு வெளியே நின்று பேசுவார்.

சுலைமான் மச்சானுக்குப் பழனி அடிவாரத்தில் பாத்திரக் கடை. தம்பி கடையைப் பார்த்துக்கொள்ள மனைவி ஜமீலாக்காவோடு மலைக்கு வந்து தங்கியிருந்தார். தன் திட்டத்தை அவர் மறைக்கவில்லை. மிசினை விற்பது, கடையைப் பூட்டுவது, இத்தா முடிந்ததும் என்னைப் பழனிக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வது. சோறு போடுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நான் யாராக இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டு அம்மியில் அரைத்தே கிழவியாகியிருப்பேன்.

மிசின் போனால் நானும் போக வேண்டியதுதான். அதனால்தான் எழுந்தேன்.

நடுவில் ஒரு கோபம்

இந்தத் தொடரில் போன வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டாராம்: இத்தாவில் இருக்கும் பெண்ணுக்குக் கடைச் சமாசாரம் எதற்கு, ஓதிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே என்று. ஓதினேன் ஐயா. ஐந்து வேளையும் தொழுதேன். மிச்ச நேரத்தில் காது இருந்ததே, அதை எங்கே கழற்றி வைப்பது?

பத்திரிகை ஆசிரியரோ இந்த இடத்தைக் கண்ணீர் வருகிற மாதிரி எழுதுங்கள் என்கிறார். எனக்கு அது வராது. அழ வேண்டியதை அப்போதே அழுது முடித்துவிட்டேன். எழுத மிச்சமிருப்பது கோபம்தான். அதை வேண்டுமானால் பக்கம் பக்கமாகத் தருகிறேன்.

அவருக்குக் காது நான்

என் கணவர் இளவயதில் காட் ரோட்டு வேலையில் இருந்தவர். பாறையில் துளை போடும் கருவிக்குக் காற்று கொடுக்கிற பெரிய மிசினை ஓட்டினார். வருஷக்கணக்கில் வெடியும் இரைச்சலும் கேட்டு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன.

காற்று மிசினின் நோயெல்லாம் முதலில் சத்தத்தில்தான் தெரியும். அவருக்கோ கேட்காது. ஆகவே கல்யாணமான புதிதிலேயே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்தது. அவர் மிசினை ஓட்டுவார். நான் சமையலைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். சரியில்லை என்றால் திரையை விலக்கிக் கையைக் காட்டுவேன். விரலைச் சுழற்றினால் பெல்ட் வழுக்குகிறது. உள்ளங்கையில் குத்தினால் உள்ளே எதுவோ இடிக்கிறது. வாயைக் குவித்து ஊதினால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

"பாய் வீட்டுல ஊமைக்கூத்து நடக்குது" என்று பஜாரில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மிசின் நன்றாக இருந்த காலத்தில், நான் அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் டாங்கி நிரம்பி, மேலே இருக்கும் வால்வு புஸ்ஸென்று மூச்சு விடும். அந்தச் சத்தம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

குதிரை விற்று வாங்கியது

மிசின் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அத்தா, என்னைப் பெற்றவர், பொதிக் குதிரைக்காரர். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக அரிசியும் உப்பும் துணியும் குதிரை முதுகில் ஏற்றி வருவார். இறங்கும்போது பூண்டும் உருளைக்கிழங்கும் போகும். லாரி வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது.

என் கல்யாணத்துக்கு அவரால் கொடுக்க முடிந்தது குதிரைகள்தான். பொன் போட வக்கில்லை, குதிரையை ஓட்டி அனுப்புகிறான் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசினார்கள். சுலைமான் மச்சானும் பேசினார். அந்தக் குதிரைகளைக் கூக்கால் கிராமத்துக்காரர்களுக்கு விற்றோம். அங்கே லாரி போக வழியில்லை, குதிரைக்கு மதிப்பு இருந்தது. அந்தப் பணத்தில் வாங்கியதுதான் காற்று மிசின்.

ஆக, மிசின் என்னுடையது. பஜாருக்கே தெரியும். கடைக்குள் இருப்பதெல்லாம் தம்பி சொத்து என்று நினைத்தவர் சுலைமான் மச்சான் ஒருவர்தான்.

பழனிக்காரர் செய்த சிக்கனம்

அவர் மிசினை வேண்டுமென்று கெடுக்கவில்லை. சிக்கனம் செய்தே கெடுத்தார்.

என் கணவர் தினமும் சாயங்காலம் டாங்கியின் அடியில் இருக்கும் திருகைத் திறந்துவிடுவார். காற்றோடு தண்ணீரும் சீறிக்கொண்டு வரும். எங்கள் ஊர்க் காற்றில் பாதி மேகம். அதை இழுத்து அமுக்கினால் டாங்கிக்குள் தண்ணீர் சேரத்தான் செய்யும். வெயில் ஊரில் வளர்ந்த மச்சானுக்கு இது பிடிபடவில்லை. வந்த முதல் நாளே கடை ஆள் முத்தையாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே முத்தையா, எண்ணெய் ஊத்தி இன்ஜின் ஓட்டி அடைச்ச காத்த எதுக்குலே தெறந்து விடுற? மூடுலே!"

முத்தையா அடுக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். என் கணவரோடு ரோட்டு வேலையில் இருந்து கூடவே வந்தவர். கை நேர்த்தியான கை. ஆனால் அதட்டினால் அடங்கிப்போவார். மூடினார். பிறகு திறக்கவே இல்லை.

அடுத்தது எண்ணெய். மிசினுக்கு ஊற்றுகிற எண்ணெய் சண்டைக் காலத்தில் லேசில் கிடைக்காது. மச்சான் விளக்கெண்ணெயை ஊற்றினார். மாட்டு வண்டி அச்சுக்கு அது ஆகும். சூடேறும் மிசினுக்குள் அது பிசினாகி, கரியாகி, ஒட்டிக்கொள்ளும். நான் திரைக்குப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தேன்.

"நீ தஸ்பீஹ் மணிய எண்ணும்மா. கடைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். இரண்டே மாதத்தில், ஒரு டயருக்கு அடித்ததும் அடுத்த டயருக்குக் காற்று இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

செத்த மிசினுக்கு வைத்தியம்

இரும்பு விலை பேச வந்திருந்தவர் செல்லப்பன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி, சொந்தமாக லாரிகள். உருளைக்கிழங்கு ஏற்ற வந்தவர், மிசினையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றிருந்தார்.

நான் திரையோரம் வந்து குரல் கொடுத்தேன். "மச்சான், அது சாகல. இன்னிக்கு ஒரு பொழுது குடுங்க. நான் எந்திரிக்க வைக்கிறேன்."

"நீ வெளிய வரக் கூடாதும்மா. எப்படி வைப்ப?"

"நான் வரல. முத்தையாண்ணன் கை செய்யட்டும். நான் இங்கிருந்து சொல்றேன்."

செல்லப்பன் சிரித்தார். "சொல்லட்டும் பாய். மூட்டை ஏத்துற சோலி சாயங்காலம் வரைக்கும் கெடக்கு. எனக்கென்ன."

"முத்தையாண்ணே, மொதல்ல அடித் திருகைத் தெறங்க."

திருகு திறக்கிற சத்தம் வரவில்லை. மச்சான் முகத்தை அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று புரிந்தது.

"தெறங்கண்ணே. சொல்றது நான்."

திறந்தார். துரு கலந்த செந்தண்ணீர் கொட்டிக் கடைத் தரையை நனைத்து, வாசலைத் தாண்டிச் சாக்கடைக்குப் போனது. நின்றபாடில்லை. செல்லப்பன், "என்ன பாய், டாங்கிக்குள்ள ஏரியவே வச்சிருக்கீரு" என்றார். காற்றுக்கு டாங்கியில் இடமே இருந்திருக்கவில்லை. ஒரு டயரோடு தீர்ந்துபோனதில் என்ன ஆச்சரியம்?

இன்ஜினை ஓட்டச் சொன்னேன். சற்று நேரத்தில் மச்சான் குரல் உயர்ந்தது. "பாத்தியா, முன்னயாவது மீட்டர் முள்ளு வெரசா ஏறுச்சு. இப்ப நகரவே மாட்டேங்குது. இருந்ததையும் கெடுத்துப்புட்ட."

"முன்ன பாதி டாங்கி தண்ணி. மேல இருந்த கொஞ்ச எடம் வெரசா நெறஞ்சுச்சு. இப்ப டாங்கி முழுசையும் நெரப்பணும்ல மச்சான்?"

ஆனாலும் முள் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்த நோய் அங்கே இருந்தது. சோப்பு நுரையைக் குழாய் மூட்டுகளில் எல்லாம் தடவச் சொன்னேன். ஓரிடத்தில் நுரை குமிழ் விட்டது. அதை இறுக்கியதும் முள் கொஞ்சம் ஏறியது. மறுபடி நின்றது.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றேன். ஆண்களைப் பார்த்து, திரைக்குப் பின்னாலிருந்து, அப்படியேதான் சொன்னேன். மூடினார்கள்.

இன்ஜின் சத்தத்துக்கு அடியில் மிசின் மூச்சு இழுப்பது கேட்டது. இழுத்த பின்னால் ஒரு சின்னப் 'பொப்'. மறுபடி இழுப்பு, மறுபடி 'பொப்'. அந்த இரண்டாவது சத்தம் வரக் கூடாது.

"அண்ணே, காத்து உள்ள போற வாயில உள்ளங்கைய வைங்க. இழுக்குதா, ஊதுதா?"

"இழுக்குது தாயி. அடடே, ஊதவும் செய்யுதே!"

"அப்ப வால்வுத் தகடு ஒழுங்கா ஒக்காரல. இன்ஜின நிறுத்துங்க. டாங்கியில இருக்குற காத்த பூரா விட்டுட்டுத் தலையத் தெறங்க. அவசரப்பட்டா மூஞ்சியப் பேத்துரும்."

மிசினின் தலைக்குள் இருக்கும் மெல்லிய எஃகு வட்டம் அது. காற்றை உள்ளே விடும், அமுக்கும்போது வாயை மூடிக்கொள்ளும். அடியில் பிசின் ஒட்டியிருந்தால் மூடாது. இழுத்த காற்றை மிசின் திரும்ப வெளியே துப்பிவிடும்.

திருப்பி வைத்த கண்ணாடி

ஜமீலாக்கா அந்தத் தகட்டை ஒரு சோற்றுத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுவந்து என் முன்னால் டங்கென்று வைத்தார். எங்கள் இருவருக்கும் அந்த இரண்டு மாதமாக ஒரே அடுப்பு. குழம்பில் சோம்பு போட்டால் அவருக்கு ஆகாது, போடாவிட்டால் எனக்கு இறங்காது. இரண்டு பேருமே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை.

தகடு கரிப்பிசினில் கறுத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் சுரண்டினேன். பிறகும் அங்கங்கே மேடு இருந்தது. சமமாகத் தேய்க்க வேண்டுமானால் அப்பழுக்கில்லாத சமதளம் வேண்டும். அறையில் அப்படிப்பட்டது ஒன்றுதான் இருந்தது. இத்தா இருப்பவள் சிங்காரிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டேன்.

"அடியே, கண்ணாடியத் தொடலாமாடி?" என்று ஜமீலாக்கா பதறினார்.

"மொகம் பாக்கலக்கா. தகடு தேய்க்கிறேன்."

முத்தையா கொடுத்தனுப்பிய, இரும்பு தேய்க்கிற குருணைத் தூளைச் சொட்டு எண்ணெயில் குழைத்துக் கண்ணாடி மேல் பரப்பி, தகட்டை வைத்து வளைத்து வளைத்துத் தேய்த்தேன். மேடு பள்ளம் போய், தகடு முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகும் வரை விடவில்லை. என் விரல் நுனியெல்லாம் எரிந்தது.

செல்லப்பனின் லாரி டிரைவரிடம் நல்ல எண்ணெய் கொஞ்சம் இருந்தது. அதை வாங்கி ஊற்றி, தகட்டைப் போட்டு, தலையை முடுக்கி ஓட்டினார்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இழுப்பு மட்டுந்தான் தாயி" என்று முத்தையா சொன்னார். நான் அரிசி களைந்தேன். உலையில் போடுகிறேன், புஸ்!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூசவில்லை. இத்தாவில் சந்தோஷப்படலாமா என்று அந்தப் பெரியவர் கேட்டால், பட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

விலை ஏறியது

மிசின் ஓடினால் விற்க மாட்டார் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

"பாய், இரும்பு வெலைப் பேச்சை விட்ருவோம். நல்ல வெலையாவே தர்றேன். நாளைக்கு வெள்ளனே ஆளக் கூட்டியாந்து ஏத்திக்கிறேன்" என்றார் செல்லப்பன். மச்சான் குரல் குழைந்துபோனது. செத்த மிசினுக்கு உயிர் கொடுத்து, அதன் விலையையும் நானே ஏற்றிவிட்டிருந்தேன்.

"மச்சான், மிசின் என்னுது. எங்க அத்தா குடுத்த குதிரைய வித்து வாங்குனது."

"பொம்பளைக்கு எதுக்கும்மா மிசின்? பஜார்ல ஒத்தப் பொம்பள கடை நடத்துறதா? நாலு பேரு சிரிப்பான். பழனில ஒனக்கு என்ன கொறை வச்சுரப் போறேன்?"

நல்ல மனசோடு சொன்னார். அதுதான் எனக்கு எரிந்தது. இருவரும் பேசி முடிக்க டீக்கடைக்குப் போனார்கள்.

"முத்தையாண்ணே."

"தாயி."

"தலையத் திரும்பத் தெறங்க. தகட்டக் கழத்தி உள்ள அனுப்புங்க."

கடை போனால் அவரும் தெருவில்தான். இதைச் செய்து மாட்டிக்கொண்டாலும் தெருவில்தான். பிறகு ஒரு செருமல் கேட்டது. "வால்வுல இன்னும் கொஞ்சம் கரி இருக்கும்போலயே" என்று யாருக்கோ சொல்வதுபோல் உரக்கச் சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார். திரைக்கு அடியில் தட்டு நகர்ந்து வந்தது.

உள்ளே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்

மறுநாள் காலை செல்லப்பன் ஆட்களோடு வந்தார். விவரமான மனிதர், ஏற்றுவதற்கு முன் ஒரு தரம் ஓட்டிக்காட்டச் சொன்னார். இன்ஜின் ஓடியது. முள் அசையவில்லை.

"என்ன பாய், நேத்து ஓடுச்சே?"

"தகடு உள்ள இருக்குங்க" என்றார் முத்தையா.

"மிசினுக்குள்ளயா?"

"இல்லீங்க. அம்மா ரூமுக்குள்ள."

மச்சான் திரைக்கு வெளியே வந்து நின்றார். "சபுரா, அதக் குடு."

"வந்து எடுத்துக்கங்க மச்சான்."

அவரால் வர முடியாது. அந்நியர். தம்பி மனைவியின் இத்தாவைத் தான் எவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றுகிறேன் என்று பஜார் பூராவும் சொல்லி வைத்திருந்தவர். என்னைப் பூட்டி வைத்த வழக்கம் இப்போது அவரைத்தான் வாசலில் நிறுத்தியது.

"வெளிய வந்து குடு."

"நான் வெளிய வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அதற்குள் வாசலில் பஸ்ஸும் லாரிகளும் காற்றுக்கு வரிசை கட்டிவிட்டன. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மச்சான் மனைவியைக் கூப்பிட்டார். "நீ போயி எடுத்தா."

ஜமீலாக்கா உள்ளே வந்தார். தகட்டை நான் ஒளித்து வைக்கவில்லை. ஜன்னல் கட்டையில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்காடி இந்தக் கூத்து?" என்று கிசுகிசுத்தார்.

"இது போனா மிசின் போச்சு. மிசின் போனா நான் பழனிக்கு வரணும்க்கா. ஓங்க அடுப்படிக்கு. சாகுற வரைக்கும்."

யோசித்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். தகட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய், "தேடிப் பாத்துட்டேன். ஒண்ணையும் காணோம்" என்றார். என் மேல் வந்த பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சோம்புக் குழம்பை ஆயுள் முழுக்கச் சாப்பிட அவர் தயாராக இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வாசலில் ஹார்ன் சத்தம் ஏறியது. "பாய், காத்து இருக்கா இல்லையா? இந்தச் சக்கரத்த வச்சுக்கிட்டு எப்படி எறக்குறது?" என்று ஒரு டிரைவர் கத்தினார். "அந்தம்மா குதிரைய வித்து வாங்குன மிசின அந்தம்மாகிட்டயே விட்ருங்க பாய்" என்று இன்னொரு குரல். செல்லப்பனுக்கு நிலவரம் புரிந்துவிட்டது. "வீட்டுக்குள்ள வழக்கு இருக்குற சாமான் நமக்கு வேணாம் பாய்" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"விக்கல. எடுத்துக் குடு" என்றார் மச்சான்.

"கேக்கல மச்சான். வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லுங்க."

சொன்னார். பஜாருக்கே கேட்டது. தட்டில் வைத்துத் தகட்டை வெளியே தள்ளினேன்.

திரைக்கு வெளியே

இத்தா முடிந்த அன்று குளித்துத் தொழுதுவிட்டு, திரையை விலக்கிக் கடைக்குள் வந்தேன். எதிர்க்கடைக்காரர்கள் அவரவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

கடையில் தம்பியின் பங்கு என்று இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி மச்சானும் ஜமீலாக்காவும் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறியிருந்தார்கள்; பழனிக்கு அப்போது அப்படிச் சுற்றித்தான் போக வேண்டும். பஸ் எங்கள் வாசலில் நின்றது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஏறும்மா" என்றார் ஜன்னல் வழியாக.

"ஏறல மச்சான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, முத்தையா கையிலிருந்த ரப்பர்க் குழாயை வாங்கினேன். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து நானே காற்று அடித்தேன். அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குக் கீழே இருந்த சக்கரத்துக்கும்தான்.

பஸ் கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்காவிட்டால் என்ன? வத்தலக்குண்டு போய்ச் சேரும் வரை அவர் உட்கார்ந்து போனது என் காற்றின் மேல்தான்.